விபத்து நடந்த விதத்தை எழுதியவர்

பட்டறையின் முன்கூடத்தில் ஓர் இரும்பு மேசை இருக்கிறது. அதன் பின்னால் அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். அடிபட்ட கார்கள் பின்வாசல் வழியாக உள்ளே போகும். அவற்றை ஓட்டி வந்தவர்கள் முன்வாசல் வழியாக அவரிடம் வருவார்கள். அவர்களுக்கு இன்சூரன்ஸ் படிவம் நிரப்பிக் கொடுப்பது அவர் வேலை. அவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறது. இழுப்பறையில் அவர் கையால் எழுதி ஒட்டிய கார் நிறங்களின் பட்டியலை யாரும் பிய்க்கவில்லை.

படிவத்தில் பதினேழு கட்டங்கள். பதினாறை யார் வேண்டுமானாலும் நிரப்பிவிடலாம். பெயர், வண்டி எண், பாலிசி எண், தேதி, இப்படி. பதினோராவது கட்டத்தில்தான் வில்லங்கம். ‘விபத்து நடந்த விதம்’ என்று தலைப்புப் போட்டு, கீழே ஆறு வெற்றுக் கோடுகள் விட்டிருப்பார்கள். சாலையில் வழுக்காதவர்கள்கூட அந்த ஆறு கோட்டில் வழுக்குவார்கள்.

வருகிற எல்லோரும் சொல்வது ஒரே சொல்தான்: “இடிச்சிடுச்சு.” பின்னால் எடுத்தேன், இடிச்சிடுச்சு. திரும்பினேன், இடிச்சிடுச்சு. கார் தானாகக் கிளம்பி, தானாகப் போய், நல்ல சுவராகப் பார்த்து முட்டிவிட்டு வந்ததுபோல. அவர் பேனாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்.

“யாரு?”

ஒருமுறை ஒரு பல் மருத்துவர் வந்தார். ரிவர்ஸ் எடுத்ததாகவும் தூண் இடித்துவிட்டதாகவும் சொன்னார். தூண் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவர் கேட்டார். மருத்துவர், தன் நாற்காலியில் உட்காருகிற நோயாளியைப் போலவே மெல்ல வாயைத் திறந்து, “நான்தாங்க,” என்றார்.

இதில் ஒழுக்கமும் கொஞ்சம் உண்டு. பெரும்பகுதி இடப்பிரச்சினை. ஆள் இல்லாத வாக்கியம் போனால் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கேள்வி வரும். பதில் போய்ச் சேர்ந்து, சேதத்தைப் பார்வையிடும் சர்வேயர் வந்து கையெழுத்துப் போடும்வரை நசுங்கலை எடுக்கும் டிங்கர் சுத்தியலைத் தொடக்கூடாது. கார் கிடந்த இடத்திலேயே கிடக்கும். பட்டறையில் இருப்பதோ ஆறே ஆறு இடம்.

வியாழன்தோறும் வருகிற சர்வேயர் இதைக் கண்டுகொண்டார். வினை இருக்கிறது, எழுவாய் இல்லை என்று தான் திருப்பி அனுப்ப வேண்டியிராத ஒரே மேசை இதுதான் என்று சொல்லி, அவருக்கு ‘எழுவாய் அக்கா’ என்று பெயர் வைத்தார். பெயிண்டருக்கும் இலக்கணத்துக்கும் ஏழாம் பொருத்தம். சர்வேயர் வரும்போதெல்லாம் அக்கா ஃபைல் எடுக்க எழுந்து நிற்பதால், பெரிய மனிதர் ஒரு பெண்பிள்ளையை மரியாதையாக எழுப்புகிறார் என்றே பெயிண்டர் ஆறு வருடம் நம்பிக்கொண்டிருந்தார். விவரம் தெரிந்த பிறகும் விடவில்லை. டீ கொண்டுவந்து வைக்கும்போது, “எழுவாய் அக்கா, கொஞ்சம் உட்காருவாய்,” என்பார்.

அக்காவின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். முப்பத்தொரு வருடம் கார் ஓட்டியிருக்கிறார். ஒரு கீறல் கிடையாது. சாம்பல் நிறச் சிறிய கார். வாரநாட்களில் அக்கா அதை வேலைக்கு எடுத்துப் போவார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங் அவருக்கு. அன்று அக்கா ஓட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், வீட்டில் அடுப்பை மாற்றிக் கட்டச் சொன்னதுபோல் பார்ப்பார்.

“உன்கிட்ட வர்றவங்கள்லாம் ஓட்டத் தெரியாதவங்க. அதனால உலகமே அப்படின்னு நினைச்சுக்கற,” என்பது அவருடைய நிரந்தரக் குத்தல். அக்கா மறுப்பதில்லை. மறுக்க ஆதாரமும் இல்லை.

ஆதாரம் ஒரு ஞாயிறு காலை கிடைத்தது.

கடைத்தொகுதிக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடம் சரிவாக இருக்கும். அக்கா உள்ளே பல்பும் மிதியடியும் வாங்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் காரை வாசலுக்குக் கொண்டுவரக் கிளம்பினார். மேட்டைப் பார்த்து ஏறும் ஒற்றைப் பாதை. இடப்பக்கம் ஒரு சலவைக்கடை வேன் மேல்நோக்கி நின்றிருந்தது. அதன் பின்புறத்தில், ஏறி இறங்க வசதியாக, தாழ்வாக ஓர் இரும்புப் படி.

அக்கா வெளியே வந்தபோது கார் வேனை ஒட்டி நின்றிருந்தது. முன் சக்கரத்திலிருந்து பின் கதவின் பாதிவரை ஒரு நீளக் கீறல். முன் கதவின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். லிஃப்ட்காரர் வேனைக் காட்டினார்.

“வந்து இடிச்சிடுச்சு,” என்றார்.

மாடிப்படியிலிருந்து அழுக்குத்துணி மூட்டையோடு ஒரு பெண் இறங்கி ஓடிவந்தார். நீல மேலங்கி, நாற்பது வயது இருக்கும், வேனை ஓட்டுபவர். படியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

“ஹேண்ட் பிரேக் சரியா விழலை போலிருக்கு. நழுவிடுச்சு. மன்னிச்சிடுங்க.”

வேனுக்கு ஒன்றுமில்லை. படியில் சாம்பல் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் தன் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்து, அக்காவின் பட்டறை எண்ணை வாங்கிக்கொண்டார். இன்னும் ஒன்பது இடத்தில் துணி கொடுக்க வேண்டும் என்று மறுபடி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் சமையலறை மேசையில் அக்கா படிவத்தை விரித்தார். லிஃப்ட்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். பதினோராவது கட்டம் வந்தது. அக்கா பேனாவை நிமிர்த்தவில்லை, எதுவும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் கீறல் படாத மனிதர்; எதிராளியே தன் வாயால் மன்னிப்புக் கேட்டுவிட்டார்; இதில் கேட்க என்ன இருக்கிறது? அழகாக எழுதினார்: ‘எங்கள் கார் நின்றிருந்தபோது, சரிவில் நிறுத்தப்பட்டிருந்த சலவைக்கடை வேன் பின்னோக்கி நழுவி வந்து அதை இடித்தது.’ எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் கச்சிதம். லிஃப்ட்காரர் கையெழுத்துப் போட்டார். திங்கள் காலை படிவம் போய்விட்டது.

ஊருக்கெல்லாம் கேட்டவர் வீட்டில் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மேசைத் தொலைபேசி ஒலித்தது. வேன் ஓட்டும் பெண். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சலவைக்கடைக்குப் பேசியிருக்கிறார்கள். முதலாளி கடுமையானவர் இல்லை, ஆனால் பயந்தவர். பிரேக் போடத் தெரியாத ஆளைச் சரிவிலெல்லாம் அனுப்ப முடியாது என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டாராம். விசாரணை முடிகிறவரை துணி மடிக்கிற மேசையில்தான் வேலை. முடிந்த பிறகும் சாவி திரும்பி வருமா என்று சொல்ல முடியாது.

அவர் குற்றம் சொல்லக் கூப்பிடவில்லை. “அக்கா, உங்க பட்டறையில பிரேக்கைப் பாத்து ஒரு சீட்டு குடுப்பீங்களா? பிரேக்குல கோளாறுன்னா அது வேற. என் கையில கோளாறுன்னா நான் ஓட்டவே கூடாது இல்ல? அது எனக்குத் தெரிஞ்சாகணும்.”

ஒரு மணிக்குச் சலவைக்கடையின் இன்னொரு ஆள் வேனைக் கொண்டுவந்தார். பட்டறை மெக்கானிக் அதைச் சாய்தளத்தில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கைப் பாதிதான் இழுத்தார். வேன் அசையவில்லை. பின்னாலிருந்து மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். அப்போதும் அசையவில்லை.

“இது எங்க அக்கா நழுவும்? யானையைக் கட்டினாலும் நிக்கும்,” என்று மெக்கானிக் கையைத் துடைத்தார்.

அக்கா சாப்பாட்டை மூடி வைத்தார். பின்கூடத்தில் அவருடைய சாம்பல் கார் சர்வேயருக்காகக் காத்துக் கிடந்தது. டிங்கர் உட்காரும் சக்கரப் பலகையை இழுத்துப் போட்டு, இடப்பக்க முன் சக்கரத்துக்கு நேரே உட்கார்ந்தார். கதவில் இருந்த கீறல் முன்னிருந்து பின்னாகப் போயிருந்தது. அதில் பயனில்லை. வேன் கீழே நழுவியிருந்தாலும் கார் மேலே போயிருந்தாலும் கதவில் விழும் கோடு ஒரே திசைதான். அவர் பார்த்தது சக்கரத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தட்டை, பட்டறையில் வீல் கப் என்பார்கள். நின்ற சக்கரத்தை எது உரசினாலும் வீல் கப்பில் கோடு நேராக விழும், அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல. இதில் நேர்க்கோடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வளைந்திருந்தன, வெட்டிய நகத்துண்டுகள் மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு.

மகள் வேறு ஊரில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். அக்கா அவளைக் கூப்பிட்டு விவரம் சொன்னார்.

“நின்ன சக்கரத்துல கோடு நேரா விழும்மா. வளைஞ்சிருந்தா சக்கரம் சுத்தியிருக்கு.”

“அது எனக்குத் தெரியும். வேற வழியில வளையுமான்னுதான் கேட்டேன்.”

மகள் யோசித்தாள். “இல்லம்மா.”

சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றக்கூடாது. அக்கா ஒரு மெல்லிய தாளை வீல் கப்பின் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். வளைவுகள் தாளில் ஏறின. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தன் பொய்யைத் தானே பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல் இருந்தது. பொய் என்று நினைத்து எழுதவில்லை, சரி. ஆனால் எழுதிய கை அவருடையது. அந்தக் கையெழுத்துக்காக ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

மாலை தாளைக் கணவர் முன் விரித்தார். எங்கிருந்து என்று சொல்லவில்லை. லிஃப்ட்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். நாற்பது வருடம் கப்பிகளோடும் சக்கரங்களோடும் குடும்பம் நடத்தியவர். தொழில் என்று வந்தால் அவருக்குப் பொய் வராது.

“இது சுத்தின சக்கரம்,” என்றார்.

“நம்ம கார் சக்கரம்.”

அவர் தாளை மெதுவாகத் திருப்பி வைத்தார். அக்கா இரண்டு நாள் தாமதமாக, கேட்க வேண்டியதைக் கேட்டார். “அப்போ இடிச்சது யாரு?”

“எனக்குத் தெரியல.”

இருபத்திரண்டு வருடத்தில் அந்த மேசையில் இந்தச் சொல்லையும் அவர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். ‘இடிச்சிடுச்சு’ செல்லாத இடத்தில் ‘தெரியல’ என்று ஒதுங்குவார்கள். பட்டறையில் அதற்குச் சிரித்துவிடுவார். இப்போது சிரிப்பு வரவில்லை.

“தெரியலைன்னு எழுத அந்தப் படிவத்துல கட்டம் இல்ல,” என்று எழுந்து போனார்.

புதன்கிழமை அந்த வீட்டில் யாரும் எதையும் செய்யவில்லை. எல்லாம் தானாக நடந்தது.

“டீ வெச்சிருக்கு.”

“குடிச்சாச்சு.”

“மேகம் போட்டிருக்கு. குடை எடுத்துட்டுப் போனா நல்லது.”

“எடுத்தாச்சு.”

‘நீங்க’ என்றோ ‘நீ’ என்றோ ஒரு சொல் இல்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் சண்டையெல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது. பாத்திரம் பறந்ததில்லை; எழுவாய்தான் வீட்டை விட்டுப் போகும். இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும். இந்த முறை இரண்டு நாள் அவகாசம் இல்லை. மறுநாள் பத்து மணிக்குச் சர்வேயர் வருவார். அவர் பார்வையிட்டு முதல் படிவத்தின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்த வாக்கியம் கல்லில் வெட்டியதாகிவிடும். வேன் இடித்தது இடித்ததுதான். மாற்ற வேண்டுமானால் அதற்கு முன்னால் மாற்ற வேண்டும், அதுவும் ஓட்டியவர் கையெழுத்தோடு.

சாயங்காலம் ஆறரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். லிஃப்ட்காரர் பொதுவாகச் சுவரைப் பார்த்து, உப்பு இல்லை என்றார்.

“இருக்கற எடத்துல இருக்கு,” என்று அக்காவும் சுவருக்கே பதில் சொன்னார்.

உப்பு லிஃப்ட்காரரின் இடது முழங்கையிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. அவர் தட்டுக்கு முன்னால் தேடினார், வலப்பக்கம் தேடினார். கடைசியில் கோழி பார்ப்பதுபோல் கழுத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பினார். அப்போதுதான் உப்பு அகப்பட்டது. கழுத்தை அத்தனை தூரம் திருப்பியவர் பிடிவாதத்தில் திருப்பவில்லை என்பது அக்காவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த இரண்டு மாதத்தில் இரண்டு தம்ளர் உடைந்திருக்கிறது. இரண்டும் இடப்பக்கம். இரண்டு முறையும் ‘உடைஞ்சிடுச்சு’ என்றார். இரண்டு முறையும் அக்கா கேட்கவில்லை.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

“என்னங்க. நேத்து தெரியலைன்னீங்களே. என்ன தெரியல?”

லிஃப்ட்காரர் உப்பைத் தூவிக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேல் தூவிவிட்டு நிறுத்தினார்.

“வேன்.”

அக்கா உப்பை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

“வேன் தெரியல. வலது பக்கம் ஒருத்தர் தள்ளுவண்டியோட குறுக்க வந்தாரு. நிறுத்தினேன். அவர் போனதும் எடுத்தேனோ என்னமோ, அதுகூட ஞாபகம் இல்ல. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. சத்தம் கேட்டுத் திரும்பினா, இவ்வளவு பெரிய வேன். எங்கிருந்தோ வந்து நிக்குது. வந்துதான் இடிச்சிருக்கணும்னு நினைச்சேன். வேற எப்படி நினைக்கறது?”

அக்கா எழுந்து போய் அவருடைய வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். “இப்போ என்ன தெரியுது?”

“நீ தெரியற.”

“எப்படித் தெரியறேன்?”

“பாலுக்குள்ள நிக்கற மாதிரி.”

எத்தனை நாளாக என்று கேட்டார். சரியாகச் சொல்ல முடியவில்லை. வலது கண் பார்த்துக்கொள்கிறது என்று விட்டுவிட்டாராம். ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டார்.

“சொன்னா சாவியை வாங்கிடுவ.”

“வாங்கத்தான் போறேன். ஆனா உங்ககிட்ட வாங்க வேண்டியதை அங்க அந்தப் பொண்ணுகிட்ட வாங்கிட்டாங்க. அவ தன் கையை நம்பாம உக்காந்து போர்வை மடிச்சிட்டிருக்கா.”

லிஃப்ட்காரர் அக்காவின் உள்ளங்கையைத் தன் முகத்திலிருந்து எடுத்தார். பிறகு அந்தக் கையை விடாமலே கேட்டார், “தாள் இருக்கா?”

தானே எழுதினார். அக்கா ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு இடப்பக்கம் சரிந்து இறங்கின. ‘நின்றிருந்த சலவைக்கடை வேனை நான் இடித்தேன். என் இடது கண்ணில் பார்வை மங்கியிருப்பதால் வேன் எனக்குத் தெரியவில்லை. வேன் ஓட்டுபவர் மீது தவறு இல்லை. அவர் அப்போது வண்டியிலேயே இல்லை.’ கடைசி வரி யாரும் கேட்காதது. அக்கா அதை இரண்டு முறை படித்தார். சாப்பாடு ஆறிவிட்டது, உப்பும் அதிகம். இருவரும் சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை லிஃப்ட்காரரும் அக்காவோடு பட்டறைக்கு வந்திருந்தார். சர்வேயர் வந்ததும் அக்கா எழுந்து நின்றார். ஃபைலை நீட்டவில்லை, கடிதத்தை நீட்டினார். சர்வேயர் நின்றபடியே படித்தார். பின்கூடத்துக்குப் போய் வீல் கப்புக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்தார். பெயிண்டரும் டிங்கரும் வேலை இருப்பதுபோல் அங்கேயே சுற்றினார்கள். சர்வேயர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முதல் படிவத்துல பதினோராவது கட்டம் யாரு எழுதினது?”

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அக்கா முந்திக்கொண்டார். “நான். அவர்கிட்ட கேக்காம நானே எழுதினேன். அவர் ஆள் இல்லாமத்தான் சொன்னாரு. ஆளை நான் போட்டேன்.”

முதல் படிவத்தின் மேல் சர்வேயர் குறுக்கே ஒரு கோடு இழுத்து, தேதி போட்டு, கடிதத்தை அதன்மேல் வைத்துத் தைத்தார். பழுதுச் செலவை அவர்கள் பாலிசியிலேயே வாங்கிக்கொள்ளலாம், கீறல் படாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி மட்டும் போய்விடும் என்றார். சலவைக்கடைக்கு அனுப்பிய கேள்வியை இன்றே திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்வதாகவும் சொன்னார். கிளம்பும்போது கதவருகே நின்றார்.

“இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணு. போகட்டும்.”

“ஒண்ணுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அக்கா.

சர்வேயர் சிரித்துக்கொண்டே போனார். பாதி வழியில் சிரிப்பை நிறுத்தி, ஒருமுறை திரும்பிப் பார்த்ததாகப் பெயிண்டர் சொல்வார்.

லிஃப்ட்காரருக்கு வந்திருந்தது கண்புரை. மருத்துவர் அதைப் பார்த்து, இவ்வளவு முற்றவிட்டு வந்தவர் தன் வேலையில் கயிறு தேய்ந்த லிஃப்டை ஓடவிட்டிருப்பாரா என்று கேட்டார். அவருக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. அடுத்த மாதமே அறுவை சிகிச்சை. மூன்றாம் மாதம் மருத்துவர் கடிதத்தோடு அவர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். இடையில் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஓட்டினார். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். டிங்கர் கதவுப் பள்ளத்தை எடுத்துக் கொடுத்தார். சாம்பலில் எத்தனை சாம்பல் உண்டு என்று பெயிண்டர் அரை நாள் பிரசங்கம் செய்து, கடைசியில் சரியான சாம்பலையே அடித்தார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த வியாழக்கிழமை பிற்பகல், பட்டறை முதலாளியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு இருவரும் சலவைக்கடைக்குப் போனார்கள். தொலைபேசியில் சொல்லிவிடலாமே என்று அக்கா சொல்லிப் பார்த்தார். லிஃப்ட்காரர் கேட்கவில்லை.

உள்ளே நீராவி. நீளமான மேசையில் வெள்ளைப் போர்வைகள். வேன் ஓட்டும் பெண் ஒரு போர்வையின் இரண்டு முனையைச் சேர்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முனை எங்கோ போயிருந்தது. லிஃப்ட்காரர் மேசைக்கு எதிரே போய் நின்றார்.

“அம்மா, உங்க வேனை நான்தான் இடிச்சேன். எனக்கு இந்தக் கண்ணு தெரியல. உங்க பிரேக் நல்லா இருக்கு. உங்க கையும் நல்லா இருக்கு.”

அந்தப் பெண் போர்வையைக் கீழே போட்டார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தால் அது தப்பு.

“மூணு நாளாச்சு ஐயா. மூணு நாளா என் கையை நானே சந்தேகப்பட்டுட்டிருக்கேன். வீட்டுல கேஸை மூடினேனான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறேன்.”

“தப்புதான்மா,” என்றார் லிஃப்ட்காரர்.

“நானும்தான் தப்பு பண்ணேன்,” என்றார் அக்கா. “எழுதினது நான்.”

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதிரே இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு குற்றம் ஏற்கும்போது எத்தனை நேரம்தான் கோபமாக நிற்க முடியும்? முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். கண்ணை யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். இன்னும் இல்லை என்றதும், தன் அக்காவின் மாமியாருக்குக் கண் அறுவை செய்த மருத்துவர் பெயரையும் அவர் உட்காரும் நாட்களையும் சொன்னார்.

உள்ளறையிலிருந்து சலவைக்கடை முதலாளி வந்தார். லிஃப்ட்காரர் எழுதிய கடிதத்தின் நகலை அக்கா அவரிடம் கொடுத்தார். அவர் முழுதாகப் படிக்கவில்லை. மூன்று நாளில் விடுதிக்காரர்கள் இரண்டு முறை போர்வைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், பந்து மாதிரி சுருட்டி வைத்திருக்கிறது என்று. ஆணியில் மாட்டியிருந்த சாவியைத் தாமே எடுத்து நீட்டி, கெஞ்சாத குறையாக, இப்போதே நான்கு இடத்துக்குத் துணி போக வேண்டும் என்றார்.

அந்தப் பெண் மேலங்கியில் கையைத் துடைத்துவிட்டுச் சாவியை வாங்கினார். ஒருமுறை உள்ளங்கையில் எடை பார்த்தார்.

வேன் சுவரை ஒட்டி நின்றிருந்தது. பின்னால் எடுத்துத்தான் தெருவுக்குப் போக வேண்டும். லிஃப்ட்காரருக்குக் கை சும்மா இருக்குமா? பின்பக்கம் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி, “வரலாம், வரலாம், நிறைய இடம் இருக்கு,” என்று காட்டத் தொடங்கினார்.

வேன் நகரவில்லை. அந்தப் பெண் இன்ஜினை ஓடவிட்டுக் கீழே இறங்கினார். பின்னால் நடந்து வந்து இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். நடுவில் கையைத் தூக்கியபடி நின்ற லிஃப்ட்காரரையும் பார்த்தார்.

“ஐயா, நீங்க அந்த அக்கா பக்கத்துல போய் நில்லுங்க.”

அவர் மறுபேச்சில்லாமல் போய் நின்றார். வேன் வளைந்து, எதையும் தொடாமல், தெருவுக்குப் போயிற்று.